ஆட்டுக்குட்டியின் நான்காம் மாதம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்பவர் கண்ணுக்குக் கப்பலும் தோணியும் உப்பளமும் தோன்றும். முத்துக்குளித்துறையின் பழம்பெருமையும் நினைவுக்கு வரும். கரையை விட்டு உள்நாட்டுக்குச் சென்றாலோ காட்சி வேறு. செம்மணல் தேரியும் பனங்காடும் கரிசலும் விரிந்து கிடக்கும். மழை பொய்த்த ஆண்டில் அங்குள்ள ஏழைக் குடும்பத்தைத் தாங்குவது ஆடுதான். நெடிய கால்களையுடைய கொடி ஆடும், செம்புள்ளிகள் நிறைந்த வேம்பூர்ச் செம்மறியும் இப்பகுதியின் தனிச் செல்வங்கள்.

இச்செல்வத்தை அழிக்கும் நோய்களுள் கொடியது ஆட்டுக்கொல்லி. மூச்சுக் காற்றின் வழியே பரவும் வைரஸ் கிருமியால் வருவது இது. 1942ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டிலேயே. 1987ஆம் ஆண்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர்வடிதல், வாய்ப்புண், கழிச்சல் ஆகியவை இதன் அறிகுறிகள். வைரஸ் உடலின் காவற்படையைத் தளர்த்திவிடுவதால், வேறு கிருமிகளும் நுரையீரலில் புகுந்து சளிக்காய்ச்சலை உண்டாக்குகின்றன. பல ஆடுகளின் உயிரைப் பறிப்பது இதுவே.

இந்நோய் நிலைத்துவிட்ட ஊர்களில் ஒரு விந்தையைக் காணலாம். ஒரே பட்டியில் அடைபட்டு, ஒரே காற்றைச் சுவாசித்த ஆடுகளுள் முதிர்ந்தவை பெரும்பாலும் தப்புகின்றன. பால்குடிக் குட்டிகளும் தப்புகின்றன. ஏறத்தாழ நான்கு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரையுள்ள இளம் ஆடுகளே மிகுதியாக மடிகின்றன. ‘இளசு தாங்காது’ என்று சொல்லி இதனை விளக்கிவிட முடியுமா? முடியாது. அப்படியானால் எல்லாவற்றினும் இளைய பால்குட்டி அன்றோ முதலில் இறக்க வேண்டும்?

விடை சீம்பாலில் இருக்கிறது. மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புப் பொருளைக் கருவிலேயே பெறுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அந்தப் பேறு இல்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலே அதனை வழங்குகிறது. ஆனால் இது தாய் தந்த கடன். குட்டியின் சொந்தச் சம்பாத்தியம் அன்று. மூன்று, நான்கு மாதங்களில் அது கரைந்துவிடும். முதிர்ந்த ஆடோ முன்னரே நோயைக் கண்டு பிழைத்தோ, ஊசி போடப்பெற்றோ, சொந்த வலிமையைத் தேடிக்கொண்டது. கடன் தீர்ந்து, சம்பாத்தியம் தொடங்காத இடைக்காலமே அபாயக் காலம்.

ஆகவே வயது என்பது பிறந்த நாட்கணக்கு மட்டும் அன்று. அவ்வுடல் எந்நோயைச் சந்தித்தது என்பதன் கணக்குமாகும். நோயையே அறியாத ஊரில் கிருமி புகுந்தால் கிழ ஆடும் வீழும். அங்கே தாயிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லாமையால் பால்குட்டியும் வீழும்.

இவ்வுண்மையை அறிந்தால் தடுப்பூசிக்கு உரிய காலமும் விளங்கும். மிக முன்னதாகப் போட்டால், தாய் தந்த எதிர்ப்புப் பொருளே ஊசியிலுள்ள வலுக்குறைந்த கிருமியை அழித்து, ஊசியை வீணாக்கிவிடும். மிகத் தாமதித்தால் நோய் முந்திக்கொள்ளும். மூன்று மாதம் நிறைந்ததும் போடுவதே முறை. அவ்வொரு ஊசி மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். அரசூரில் கிடைத்த கிருமியையே வலுக்குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பு மருந்து செய்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. சந்தையில் வாங்கிய ஆட்டைச் சில வாரம் தனியே கட்டிவைப்பதும் இன்றியமையாதது.

இக்கிருமிக்கு உறவான மாட்டு வெக்கைநோய் 2011ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030ஆம் ஆண்டுக்குள் ஒழிப்பதென 2015இல் உலக நாடுகள் குறிக்கோள் வகுத்தன. அக்குறிக்கோள் கைகூடுவது ஆய்வுக்கூடத்தை மட்டும் பொறுத்ததன்று. மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ குட்டி துள்ளுமாயின், அது பிறந்து எத்தனை மாதம் என்று கேளுங்கள். மூன்று நிறைந்திருந்தால், கால்நடை மருந்தகத்துக்கு வழிகாட்டுங்கள்.