ரத்தப் பரிசோதனையைப் புரிந்துகொள்வோம்: எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ‘எச்’

சென்ற வாரம் கல்லீரல் பரிசோதனையைப் பார்த்தோம். இந்த வாரம் டியூமர் மார்க்கர், அதாவது புற்றுநோய்க்கான அடையாளமாக ரத்தத்தில் பார்க்கப்படும் பொருள்கள்.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் தனியார் மருத்துவமனைகளுக்கு இந்தோனேசியாவின் மேடானிலிருந்தெல்லாம் விமானமேறி வருகிறார்கள். அங்கே முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தால் பலவற்றில் சர்க்கரை, கொழுப்போடு இந்த மார்க்கர்களும் சேர்ந்தே இருக்கும். தாளைப் பிரித்தால் ‘சிஏ 125: 48’ என்றிருக்கிறது, பக்கத்தில் ‘எச்’, அதாவது ‘ஹை’ (அதிகம்). இயல்பு அளவு 35 வரை. அன்றிரவு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

48 என்றாலே சினைப்பைப் புற்று என்று பொருளில்லை. சிஏ 125 வயிற்றறையின் உட்படலத்திலிருந்தும் கருப்பையிலிருந்தும்கூடச் சுரக்கும் புரதம். மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை நார்க்கட்டி, வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோப்பது என எதிலும் ஏறும். இதைவிட எனக்குக் கவலை தருவது மறுபக்கம்தான். தொடக்க நிலைச் சினைப்பைப் புற்றில் ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு இந்த எண் ஏறுவதே இல்லை. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ஆண்டுதோறும் இந்த ரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடையே சினைப்பைப் புற்றால் நேர்ந்த மரணங்கள் குறையவில்லை.

வயிற்றுப் பக்கம் சிஇஏ, சிஏ 19-9 இரண்டும் இப்படித்தான். சிஇஏ-யை 1965-ல் மாண்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் கட்டியில் கண்டுபிடித்தார்கள். புகைப்பவர்களுக்கு நோயில்லாமலே அது சற்றுக் கூடுதலாக இருக்கும். கணையத்துக்குப் பார்க்கும் சிஏ 19-9, பித்தக்கல் குழாயை அடைத்தாலே பல மடங்கு ஏறிவிடும். ரத்த அணுக்களின் ‘லூயிஸ்’ வகை காரணமாக, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடலில் அது உற்பத்தியே ஆவதில்லை. அவர்களுக்குக் கணையப் புற்று வந்தாலும் தாளில் எண் சாதாரணமாகவே இருக்கும்.

அப்படியென்றால் எதற்கு இந்தப் பரிசோதனை? நோய் உறுதியானவருக்கு! கீமோவுக்கு முன் 900 இருந்த சிஏ 125 அடுத்தடுத்து 200, 40, 15 என இறங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று தெரியும். குடல் அறுவைக்குப் பின் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கும் சிஇஏ மெல்ல ஏறத் தொடங்கினால், நோய் திரும்புகிறதா என்று ஸ்கேனில் தேடுவார்கள். ஒற்றை எண்ணைவிட அது போகும் திசைதான் டாக்டருக்கு முக்கியம்.

ஆகவே அக்கா, தங்கைகளே, ‘எச்’ வந்தால் பதறாமல் டாக்டரிடம் போங்கள். மாதவிடாய் நாள்களையும் மறக்காமல் சொல்லுங்கள். ஆனால் வாரக்கணக்கில் வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டால், எண் சரியாக இருந்தாலும் சினைப்பையை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாதானில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால், சிஇஏ எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள்.