எளியவர் விட்ட வேட்டையை வலியவர் விடக் கூடாதா?

1966 நவம்பரில் சோவியத் ஒன்றியத்தின் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலுக்குள் வந்தன. பிடித்த திமிங்கிலத்தை நடுக்கடலிலேயே அறுத்துக் கொழுப்பை உருக்கி எடுக்கும் ஆலைக் கப்பல், அதற்கு இரை தேடித் தரும் வேகக் கப்பல்கள் என்று பெரும் படையாகத்தான் அவை கிளம்பும். ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால் அவை கொன்ற கூன்முதுகுத் திமிங்கிலங்கள், முந்தைய ஆண்டு பிடித்த சிலவற்றையும் சேர்த்தால், 242. சர்வதேசத் திமிங்கில ஆணையத்துக்குப் போன அறிக்கையில் இந்தக் கணக்கு இல்லை. கப்பலில் இருந்த உயிரியலாளர்கள் பத்திரப்படுத்தி வைத்திருந்த குறிப்புகள், சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1990-களில்தான் வெளியே வந்தன. மற்றக் கடல்களின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இரைக்காகத் துருவப் பக்கமும் ஈனுவதற்காக வெப்பக் கடலுக்கும் ஆண்டுதோறும் வலசை போகும். அரபிக் கடலில் இருப்பவை எங்கும் போவதில்லை. இரையும் இனப்பெருக்கமும் இங்கேயேதான். பல்லாயிரம் ஆண்டுகளாக வேறு கூட்டங்களோடு அவை கலக்கவில்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. இன்று அவை நூறுகூடத் தேறாது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. சில வாரங்களில் நடந்த வேட்டையின் பள்ளம் அறுபது ஆண்டுகளாகியும் தூரவில்லை.

திமிங்கில வேட்டை எங்கோ பனிக்கடலில் நடக்கும் விவகாரம், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. அது சரியல்ல. இந்தியப் பெருங்கடலைத் திமிங்கிலங்களுக்கான காப்பிடமாக அறிவிக்க வேண்டும் என்று செஷல்ஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு கேட்டு, 1979-ல் அதைப் பெற்றும் தந்தது. இந்தியா 1981-ல் ஆணையத்தில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே, வணிக வேட்டையை நிறுத்தி வைக்கும் தீர்மானம் 25-க்கு 7 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறி, 1985-86 வேட்டைப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் வேட்டை முற்றாக நிற்கவில்லை. நார்வே 1993-லும் ஐஸ்லாந்து 2006-லும் வணிக வேட்டையை மறுபடி தொடங்கின. ஜப்பான் 2019 ஜூன் 30-ல் ஆணையத்தை விட்டே வெளியேறி, மறுநாள் வேட்டைக் கப்பல்களைக் கடலுக்கு அனுப்பியது. ‘அளவோடு பிடித்தால் இனம் அழியாது, இது எங்கள் உணவு, எங்கள் பண்பாடு, எங்கள் கடலில் நாங்கள் பிடிப்பதை மற்றவர் ஏன் தடுக்க வேண்டும்?’ என்று இந்த நாடுகள் கேட்கின்றன. பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகள்தான் இவை. பதில் சொல்வதற்கு வேண்டிய சான்றுகள் நம் கடலிலும் நம் கரையிலுமே இருக்கின்றன.

முதலில் ‘அளவோடு’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அளவு வைத்துப் பிடிப்பதற்காகத்தான் 1946-ல் திமிங்கில ஒப்பந்தமே போடப்பட்டது. அந்த அளவை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். அண்டார்டிகா வேட்டைக்கு ‘நீலத் திமிங்கில அலகு’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு நீலத் திமிங்கிலம் ஓர் அலகு. துடுப்புத் திமிங்கிலம் என்றால் இரண்டு, கூன்முதுகு என்றால் இரண்டரை, சேயி என்ற சிறிய வகை என்றால் ஆறு சேர்ந்து ஓர் அலகு. இன்றைக்கு எந்த இனத்தில் எத்தனை மிச்சம், அதில் எத்தனை பிடித்தால் தாங்கும் என்ற கேள்விக்கே இந்தக் கணக்கில் இடமில்லை. எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் வேட்டைக்காரர்கள் முதலில் அதிக லாபம் தரும் நீலத் திமிங்கிலத்தைத் துரத்தினார்கள். அது அருகியதும் துடுப்புத் திமிங்கிலம், அதன் பிறகு சேயி என்று வரிசையாக இறங்கினார்கள். 1970-களின் தொடக்கம் வரை இந்த முறைதான் நீடித்தது. 20-ஆம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். நீலத் திமிங்கிலம் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டு ஆகும். மத்தி, நெத்திலி போல அடுத்த பருவத்திலேயே பெருகிவிடும் உயிர் இல்லை இது. கணக்கில் பிழை நேர்ந்தால் அது தெரியவரவே ஒரு தலைமுறை ஆகும். தெரியவரும்போது திருத்துவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

இப்போது அறிவியல் வளர்ந்துவிட்டது என்பார்கள். உண்மை. எந்தக் கூட்டத்திலிருந்து எத்தனை எடுக்கலாம் என்று மிக எச்சரிக்கையாகக் கணக்கிடும் முறை ஒன்றை 1994-ல் ஆணையமே ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த அளவு கடலில் மீறப்படுகிறதா என்று யார் கண்காணிப்பது, மீறினால் என்ன செய்வது என்பதில் நாடுகள் இதுவரை உடன்படவில்லை. அரபிக் கடலில் நடந்தது கணக்குப் பிழை இல்லை, கணக்கை மறைத்த மோசடி. சோவியத் கப்பல்கள் உலகக் கடல்களில் மறைத்த எண்ணிக்கை மட்டுமே ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரும். சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அதில் போடும் எண் பொய்யானால் விடையும் பொய்தான்.

விதி இருந்தால் மட்டும் போதாது, அதற்குக் கட்டுப்படும் மனமும் வேண்டும் என்பதைத் திருத்தணிக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. தலைமையில் வட எல்லைப் போராட்டம் நடந்தது. நடுவராக வந்த எச்.வி. படாஸ்கர் சொன்னதை இரண்டு மாநிலங்களும் ஏற்க, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குச் சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. கேட்டதெல்லாம் யாருக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு பிடிக்கவில்லை என்று எந்தத் தரப்பும் அதிலிருந்து நழுவவில்லை என்பதால்தான் அந்தக் கோடு இன்றும் நிற்கிறது. திமிங்கில ஒப்பந்தத்திலோ நழுவுவதற்கு விதியே வழி விட்டிருக்கிறது. 90 நாளுக்குள் மறுப்புத் தெரிவித்தால் எந்த முடிவும் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. நார்வே அந்த வழியாகத்தான் வேட்டையைத் தொடர்கிறது. ஜப்பான் ‘ஆராய்ச்சி’ என்ற பெயரில் உரிமம் கொடுத்து அண்டார்டிகாவில் வேட்டையாடியது. இறைச்சி கடைக்குப் போனது. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில், அந்த உரிமங்கள் ஆராய்ச்சிக்கானவை அல்ல என்று சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச் 31-ல் 12-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையில் இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர். 2005-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சுமார் 3,600 மிங்க்கித் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டிருந்தன. அதற்கு ஈடாகக் காட்ட முடிந்த ஆய்வுக் கட்டுரைகள் இரண்டே இரண்டு. ஐந்து ஆண்டு கழித்து ஜப்பான் ஒப்பந்தத்தையே உதறியது. ‘அளவோடு பிடிப்போம்’ என்று உறுதி சொல்பவர்களின் கடந்த காலம் இது.

இன்னொரு வாதம்: ‘தடையால் திமிங்கிலங்கள் பெருகிவிட்டனவே, இனிப் பிடித்தால் என்ன?’ பல இடங்களில் பெருகியிருப்பது உண்மைதான். பிரேசில் கரையோரம் வரும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சில நூறாகச் சுருங்கி, இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டன. இது தடையின் வெற்றி. தடையை நீக்குவதற்கு இதையே காரணமாக்கினால் நோய் குறைந்ததும் மருந்தை நிறுத்துவது போலாகும். அதோடு, ஓரிடத்தில் பெருகியது இன்னோரிடத்து இழப்பை ஈடுகட்டாது. பிரேசிலின் திமிங்கிலம் அரபிக் கடலுக்குக் குடிவரப் போவதில்லை.

அடுத்தது உணவும் பண்பாடும். இங்கே இரண்டு வகை வேட்டையைப் பிரித்துப் பார்ப்பது நியாயம். அலாஸ்காவிலும் கிரீன்லாந்திலும் பயிர் விளையாத பனி நிலத்தில் வாழும் பழங்குடிகள், தங்கள் தேவைக்குச் சில திமிங்கிலங்களைப் பிடிக்க ஆணையமே அனுமதிக்கிறது. அவர்களுக்கு அது அன்றாடச் சாப்பாடு. அதை எதிர்க்க நமக்குத் தகுதி கிடையாது. ஜப்பானிலும் போருக்குப் பிந்தைய பசிக் காலத்தில் திமிங்கில இறைச்சி பல லட்சம் பேரைக் காப்பாற்றியது. பள்ளி மதிய உணவில்கூட அது இருந்தது. 1962-ல் அங்கே இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் விற்றது. இன்று சில ஆயிரம் டன்கூட விற்பது கடினம். அரசு மானியம் கொடுத்துத்தான் தொழிலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நார்வேயில் ஆண்டு ஒதுக்கீட்டின் அளவுக்குப் பிடிப்பதற்கே ஆளில்லை. மக்கள் தாங்களாகவே கைவிட்ட ஓர் உணவை அரசுகள்தான் விட மறுக்கின்றன.

பிழைப்புக்காக வேட்டையாடியவர்கள் அதை விடும்போது என்ன இழப்பார்கள் என்பதைப் பார்க்க குஜராத்தின் வேராவலுக்குப் போக வேண்டும். அங்கே வேட்டையாடப்பட்டது திமிங்கிலச் சுறா. உலகின் மிகப் பெரிய மீன். தடித்த கொக்கியில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் காலிப் பீப்பாய்களைப் பிணைத்து வைத்திருப்பார்கள். கொக்கி ஏறிய மீன் பீப்பாய்களை இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும். பிறகு கரைக்கு இழுத்து வந்து வெட்டுவார்கள். ஈரல் எண்ணெயைப் படகில் தண்ணீர் ஏறாமல் பூசுவதற்கு வைத்துக்கொண்டு, இறைச்சியை ஏற்றுமதிக்கு அனுப்புவார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் இந்த வேட்டையை உலகுக்குக் காட்டியது. 2001-ல் இந்திய அரசு திமிங்கிலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. சட்டத்தோடு நின்றிருந்தால் திருட்டு வேட்டைதான் வளர்ந்திருக்கும். ஆன்மிகச் சொற்பொழிவாளர் மொராரி பாபு ஊர் ஊராகப் போய், பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இது என்று மீனவர்களிடம் பேசினார். வனத்துறையும் தொண்டு நிறுவனங்களும் கூடவே நின்றன. இன்று வலையில் திமிங்கிலச் சுறா சிக்கினால் மீனவர்களே வலையை அறுத்து விடுகிறார்கள். அறுபட்ட வலைக்கு அரசு இழப்பீடாக முதலில் அறிவித்த உச்ச வரம்பு 25,000 ரூபாய். பெரிய வலையின் விலை அதைப் போலப் பல மடங்கு. அப்படியும் நூற்றுக்கணக்கான மீன்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

நம் பாக் விரிகுடாவின் கதையும் இதுதான். ஆவுளியா என்று மீனவர்கள் அழைக்கும் கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பாலூட்டி. சில ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு காலத்தில் இறைச்சிக்காக ஏராளமாகக் கொல்லப்பட்டது. கடலோர ஊர்களில் அதன் கறிக்குத் தனி மவுசு இருந்தது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வலையில் மாட்டிய ஆவுளியாவை மீனவர்கள் திரும்பக் கடலில் விடுவதும், வனத்துறை அவர்களைப் பாராட்டி ஊக்கத்தொகை தருவதும் இப்போது அடிக்கடி வரும் செய்தி. பரம்பரையாகத் தின்ற கறியை விட்டவர்கள், அன்றன்றைக்குக் கிடைப்பதில் குடும்பம் நடத்தும் மனிதர்கள். இவர்களுக்கும் பண்பாடு உண்டு, பசி உண்டு, கடன் உண்டு. இவர்களால் விட முடிந்ததை, உலகின் பணக்கார நாடுகளின் வரிசையில் இருக்கும் ஜப்பானும் நார்வேயும் ஐஸ்லாந்தும் விட முடியாது என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது?

‘ஆடு, கோழி தின்னும் நீங்கள் திமிங்கிலத்துக்காக மட்டும் ஏன் அழுகிறீர்கள்?’ என்ற கேள்வியும் வரும். பண்ணையில் வளர்க்கும் ஆட்டை நாம் பெருக்குகிறோம். கடலில் திமிங்கிலத்தை யாரும் பெருக்கவில்லை. கொல்லும் முறையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. ஓடும் கப்பலிலிருந்து, அலையில் நொடிநேரம் மேலே வரும் உடலைக் குறிவைத்து, உள்ளே போய் வெடிக்கும் ஈட்டியைச் சுடுகிறார்கள். ஐஸ்லாந்து அரசின் உணவு, கால்நடைத் துறையே 2022 பருவத்தைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இது: கொல்லப்பட்ட 148 துடுப்புத் திமிங்கிலங்களில் 36-ஐ ஒரு முறைக்கு மேல் சுட வேண்டியிருந்தது, முதுகில் ஈட்டி தைத்த ஒன்றை ஐந்து மணி நேரம் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. எந்த இறைச்சிக்கூடத்திலாவது இப்படி நடந்தால் அன்றே இழுத்து மூடியிருப்பார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகு ஐஸ்லாந்து அரசு 2023 கோடையில் வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கவே நேர்ந்தது.

ஈட்டியைவிட வலையும் கப்பலும்தான் இன்று அதிகத் திமிங்கிலங்களைக் கொல்கின்றன என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மை. இலங்கையின் தென்முனையான தேவேந்திர முனைக்கு அப்பால், உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் குறுக்கே போகிறது. எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022-ல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் ஒரு கொலையை இன்னொரு கொலை நியாயப்படுத்தாது. கப்பல் மோதுவது விபத்து, குறைக்க வழி உண்டு. ஈட்டி வேண்டுமென்றே எய்வது, நிறுத்த ஒரு முடிவு போதும்.

ஆகவே இந்தியா செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. வலையை அறுத்து உயிரை விடும் மீனவருக்கு வலையின் உண்மையான விலையை, அலைக்கழிக்காமல், உடனே கொடுக்க வேண்டும். தேவேந்திர முனைப் பாதையைத் தெற்கே நகர்த்துவது பற்றி இலங்கையோடு பேச வேண்டும். திமிங்கில ஆணையத்தில் வாக்களிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஜப்பானோடு நமக்கிருக்கும் நட்பை வைத்து இதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வேராவலிலும் பாக் விரிகுடாவிலும் எளிய மனிதர்கள் தங்கள் கைப்பொருளை இழந்து ஒரு நியாயத்தை நிலைநாட்டியிருக்கிறார்கள். அதே நியாயத்தை டோக்கியோவிடமும் ஆஸ்லோவிடமும் ரெய்க்யவிக்கிடமும் கேட்கும் தகுதியை அவர்கள்தான் நமக்குச் சம்பாதித்துத் தந்திருக்கிறார்கள். கேட்காமல் இருந்தால் அவர்களுக்கே நாம் கடன்பட்டவர்கள்.