ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்: நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

"சார், டைம் டேபிள் போடுறோம். ஆனா அதுபடி ஒருநாளும் நடக்கலையே?" தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பலர் கேட்ட கேள்வி இது. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். அதாவது ஒரு நாளைக்கு 4 மணி நேரம். 60 பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர். அஞ்சு வகுப்பையும் ரெண்டு பேர் பிரிச்சுப் பார்த்தா, ஒரு வகுப்புக்கு நம்ம நேரடிக் கவனம் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் கிடைக்கும்.

என் தப்பையும் சொல்லிடறேன். பல வருஷமா கணக்கை மதியத்துல வச்சிருந்தேன். பதிவேடு, கூட்டம், அவசரப் புள்ளிவிவரம் எது வந்தாலும் வெட்டுப்படுறது அந்தப் பீரியடுதான். மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் 52-ல் 27 போக 35-ன்னு எழுதினான். கவனமில்லாத பிள்ளைன்னு நினைச்சேன். என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினப்பதான் உறைச்சது. கடன் வாங்கிக் கழித்தலுக்கு நான் ஒதுக்கினது அஞ்சு பீரியடு, நடந்தது ரெண்டு!

அப்புறம் மூணு மாற்றம் செஞ்சேன்.

ஒண்ணு, நாள் கணக்கை விட்டுட்டு வாரக் கணக்குக்கு மாறினேன். திங்கள்கிழமை விட்டுப்போன கணக்குப் பாடம் வியாழனுக்குள் ஈடுகட்டப்படணும்.

ரெண்டு, வாசிப்பும் கணக்கும் காலையில. அந்த நேரத்துல பதிவேட்டைத் தொடுறதில்லை. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தோட அரும்பு, மொட்டு, மலர் நிலைகள் இதுக்கு உதவுச்சு. அரும்புப் பிள்ளைகளோட நான் உட்காரும்போது, மலர் பிள்ளைகள் பயிற்சிநூலைத் தாங்களே செய்வாங்க.

மூணு, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் காலியா விட்டேன். அந்த வாரம் எது விட்டுப்போச்சோ, அது அங்கே. எதுவும் விடலைன்னா கதை நேரம். ஆனா ஈடுகட்டுறதுக்காக விளையாட்டையும் ஓவியத்தையும் எடுத்துக்காதீங்க. பல பிள்ளைகள் பள்ளிக்கு வர்றதே அதுக்குத்தான்.

அந்தப் பையனோட ரெண்டு வெள்ளிக்கிழமை குச்சிக்கட்டு வச்சு உட்கார்ந்தேன். ஒரு கட்டைப் பிரிச்சு பத்துக் குச்சி ஆக்கினதும் அவனே சிரிச்சான். 25-ன்னு எழுதினான்.

இந்த வாரம் உங்க குறிப்பேட்டுல ஒரே ஒரு விஷயம் பாருங்க: அதிகமா வெட்டுப்பட்ட பீரியடு எது? அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.