மார்கழிக் குளிரும் ஆட்டுக்கால் சூப்பும்

மார்கழியில் திண்டுக்கல் பேகம்பூர் வீடுகளில் ஆட்டுக்கால் சூப் கொதிக்கும். சீனாவின் சியான் நகரத்து ஹுய் முஸ்லிம்களும் ஆட்டிறைச்சிச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு உண்கிறார்கள்.

தீயில் வாட்டிச் சுத்தம் செய்த 4 கால்களுடன் இஞ்சி, கொடைக்கானல் மலைப்பூண்டு, மிளகு, சீரகத்தைத் தட்டிப் போட்டு, மஞ்சள் தூவி, 2 லிட்டர் தண்ணீரில் 3 மணி நேரம் சிறு தீயில் வேகவைப்போம். உப்பு கடைசியில்.

எலும்புச் சூப்பில் கால்சியம் நிறைய இருப்பதாக நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் மிகக் கொஞ்சமே நீரில் இறங்கும். அதிகம் இறங்குவது ஜெலட்டின். அது முழுமையான புரதம் அல்ல. ஆகவே நோயாளிக்குச் சூப்பை மட்டும் கொடுத்துச் சாப்பாட்டை நிறுத்திவிடக் கூடாது. பருப்பும் முட்டையும் வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட வேண்டும். காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபி (ஸல்) அவர்கள்தான்.

குழம்பு சமைத்தால் தண்ணீரை அதிகமாக்கி அண்டை வீட்டாருக்கும் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்திய செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. நம் தெருவில் தனியாக வசிக்கும் முதியவருக்கும் ஒரு கிண்ணம் போகட்டும், இன்ஷா அல்லாஹ்.