கம்பெனி கரண்டை மிச்சம் பிடித்தால் கோட்டைக்குப்பத்துக்கு என்ன லாபம்?

ஃப்ரிட்ஜ், ஏசி வாங்கும்போது எத்தனை ஸ்டார் என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் இருக்கும் எரிசக்தித் திறன் பணியகம், பெரிய ஆலைகளுக்கும் இதேபோல மார்க் போடுகிறது. மார்க் கூடினால் கம்பெனி காசு பார்க்கலாம். குறைந்தால் காசு கட்ட வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம் மீனவர்களுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் உண்டு. எப்படி?

திட்டம் என்ன?

2001-ல் வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-ல் தொடங்கப்பட்டது இந்தப் பணியகம். 2012-ல் 'பெர்ஃபார்ம், அச்சீவ் அண்ட் டிரேட்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக பி.ஏ.டி.

ஒரு டன் சிமென்ட் தயாரிக்கவோ, ஒரு யூனிட் கரண்ட் எடுக்கவோ எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று முதலில் அளப்பார்கள். அதைக் குறைக்க ஆலைக்கு 3 ஆண்டு கெடு. இலக்கு வைப்பதும் சரிபார்ப்பதும் அரசு. பணம் போட்டு மெஷினை மாற்றுவது கம்பெனி. இலக்கைத் தாண்டிச் சேமித்தால், ஒரு டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்திக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். இலக்கைத் தொடாத கம்பெனி அதை விலைக்கு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். 2017-ல் இந்தச் சான்றிதழ்கள் மின்சந்தைகளில் விற்பனைக்கு வந்தன.

பலன் கிடைத்ததா?

முதல் சுற்றில் 8 துறைகளைச் சேர்ந்த 478 ஆலைகள் இருந்தன. சுமார் 67 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியைச் சேமிக்க வேண்டும் என்பது இலக்கு. சேமித்ததோ சுமார் 87 லட்சம் டன். நல்ல விஷயம்தான். ஆனால் சந்தையில் விற்க வந்தவர்கள் அதிகம், வாங்க ஆள் குறைவு. விலை சரிந்தது. இலக்கையே லேசாக வைத்துவிட்டார்களோ என்ற விமர்சனமும் எழுந்தது.

ஏரிக்கு என்ன?

கோட்டைக்குப்பத்துக்குத் தெற்கே, எண்ணூர் பக்கம் வட சென்னை அனல் மின் நிலையமும், 1,500 மெகாவாட் வல்லூர் மின் நிலையமும் இருக்கின்றன. ஒரு யூனிட்டுக்கு எரிக்கும் நிலக்கரி குறைந்தால் சாம்பலும் குறையும், கழிவு வெப்பமும் குறையும். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் கலந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதை நினைத்தால், இது சின்ன விஷயமில்லை. 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னையின் 800 மெகாவாட் அலகு, பழைய அலகுகளைவிடக் குறைந்த நிலக்கரியில் ஒரு யூனிட் தரக்கூடிய தொழில்நுட்பம் கொண்டது.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. இலக்கு 'ஒரு யூனிட்டுக்கு' எவ்வளவு என்பதுதான், மொத்தம் எவ்வளவு என்பதல்ல. யூனிட்டுக்கு 5% நிலக்கரி குறைந்து, உற்பத்தி 20% கூடினால், மொத்தமாக எரியும் நிலக்கரி 14% அதிகம். கம்பெனி பாஸ், ஆனால் சாம்பல் கூடுகிறது. 2023-ல் அறிவிக்கப்பட்ட கார்பன் சந்தைத் திட்டமும் உற்பத்தி அளவுக்கு ஏற்ற இலக்கையே வைக்கிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் 'பாடு' முறை வேறு மாதிரி. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்பதை ஊரே முறைவைத்துத் தீர்மானிக்கும். நம் முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் வலை இறங்காது. ஒருவர் எவ்வளவு திறமையாகப் பிடிக்கிறார் என்பதோடு கணக்கு முடிவதில்லை. அந்த இடத்தில் மொத்தம் எத்தனை வலை இறங்குகிறது என்பதும் கணக்கு.

சின்ன ஆலைகளுக்கு?

இறாலும் நண்டும் கெடாமல் சென்னைக்குப் போய்ச் சேர ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலைக்குப் பெரிய செலவே கரண்ட் பில்தான். ஆனால் பி.ஏ.டி. அவ்வளவு சின்ன ஆலைகளைத் தொடாது. அதற்காகத்தான் 2025 ஜூலையில் 1,000 கோடி ரூபாயில் 'அடீட்டி' என்ற திட்டம் வந்தது. இதில் உள்ள 14 துறைகளில் மீன்தொழிலும் ஒன்று. எரிசக்தித் தணிக்கைக்கு உதவி கிடைக்கும். புதிய மெஷின் வாங்கும் கடனுக்குக் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5%, நடுத்தர நிறுவனங்களுக்கு 3% வட்டிச் சலுகை. 10 லட்சம் ரூபாய் கடனென்றால் முதல் ஆண்டில் சுமார் 50,000 ரூபாய் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் புது மெஷின் தேவையில்லை. குளிரூட்டும் குழாயின் வெப்பநிலையை, ஐஸ் உறைவதற்குத் தேவையான அளவுக்கு மேல் இறக்காமல், 1 டிகிரி உயர்த்தினாலே சுமார் 3% கரண்ட் மிச்சமாகும். கண்டென்சரில் படியும் உப்பையும் காரையையும் சுத்தம் செய்வது, உப்புநீர்த் தொட்டியைச் சுற்றி நல்ல காப்பு போடுவது எல்லாம் கைக்கு எட்டும் வேலைகள். கொச்சி கடல் உணவு ஆலைகளிலும் ஆந்திராவின் பீமவரம் ஐஸ் ஆலைகளிலும் பணியகம் முன்பே இப்படி ஆய்வு செய்திருக்கிறது.

அப்போ லாபம் யாருக்கு?

ஐஸ் ஆலையின் பில் குறைந்தால் முதலில் லாபம் ஆலைக்காரருக்கு. ஐஸ் விலை குறைந்தால்தான் அது படகு வரை வரும். மின் நிலையத்தின் மார்க் கூடுவதும் அப்படித்தான். அதோடு மொத்த நிலக்கரியும் சாம்பலும் குறைந்தால்தான் அது ஏரி வரை வரும். அடுத்த முறை 'இலக்கைத் தாண்டிச் சேமித்தோம்' என்று ஒரு கம்பெனி சொன்னால், கூடவே கேட்க வேண்டிய கேள்வி: மொத்தம் எவ்வளவு எரித்தீர்கள்?