28 பெரியதா, 24 பெரியதா?



ஊரிலிருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை 180 என்று போனில் கேட்டால், இங்கே வளர்ந்த பிள்ளைகள் பதறிவிடுகிறார்கள். அதே ரத்தத்தை லண்டனில் சோதித்தால் 10 என்று வரும். அளவு ஒன்றுதான், அலகு வேறு. செவிலியர் பணியில் இருக்கும் நாங்கள் இதை அடிக்கடி விளக்கவேண்டி வருகிறது. தேர்வு மதிப்பெண்ணுக்கும் இப்படியொரு விளக்கம் நம் வீடுகளில் தேவைப்படுகிறது.

இங்கிலாந்தில் இயர் 6 பிள்ளைகள் மே மாதத்தில் சாட்ஸ் எழுதுகிறார்கள். ஆங்கில வாசிப்புத் தாளுக்கு மொத்தம் 50 மதிப்பெண். எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்ட 2022-இல் 29 மதிப்பெண் தேவைப்பட்டது. 2023-இல் 24 போதுமாக இருந்தது. தரத்தைக் குறைத்துவிட்டார்களா? இல்லை, 2023-இன் தாள் கடினமாக இருந்தது.

கடினம் என்று எப்படித் தெரியும்? புதிய கேள்விகளை முன்கூட்டியே சில பள்ளிகளில் எழுதவைத்துப் பார்க்கிறார்கள். அவற்றோடு, ஆண்டுதோறும் மாறாத ஒரு கேள்வித் தொகுப்பும் எழுதப்படுகிறது. அந்தத் தொகுப்புதான் நங்கூரம். அதில் பிள்ளைகள் வழக்கம்போலச் செய்து, புதிய கேள்விகளில் மட்டும் தடுமாறினால், மாறியது பிள்ளைகளின் திறமை அல்ல, கேள்விகளின் கடினம்தான் என்று தெரிந்துவிடும். சர்க்கரை அலகை மாற்ற ஒரே கணக்கு எப்போதும் போதும். தேர்வுக்கோ ஒவ்வோர் ஆண்டும் புதிய மாற்று அட்டவணை வேண்டும்.

அந்த அட்டவணைப்படிதான் தாளில் எடுத்த மதிப்பெண் 80 முதல் 120 வரையிலான ஸ்கேல்ட் ஸ்கோராக மாறுகிறது. அதில் 100 என்பது எதிர்பார்க்கப்படும் தரம். நூற்றுக்கு நூறு என்று எண்ணி மகிழவும் வேண்டாம், 98 வந்தால் இரண்டு மதிப்பெண்தான் போயிற்று என்று கணக்கிடவும் வேண்டாம்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அக்கா 2022-இல் 28 எடுத்தாள், தம்பி 2023-இல் 24 எடுத்தான். "அக்காவைப் பார்த்துப் படி" என்று தம்பிக்குத் திட்டு விழும். ஆனால் தரத்தை எட்டியவன் தம்பிதான்; அக்காவுக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது. தவறான ஒப்பீட்டில் விழுந்த திட்டை அந்தப் பிள்ளை பல வருடம் சுமக்கும்.

ஜி.சி.எஸ்.இ.க்குத் தயாராகும் வாலிபரே, கிரேடு எல்லைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. பழைய வினாத்தாளை எழுதிப் பார்த்தால், அதே ஆண்டின், அதே தேர்வு வாரியத்தின் எல்லையோடு ஒப்பிடுங்கள். பெற்றோரே, மதிப்பெண்ணைக் கேட்கும்போது, எந்த ஆண்டுத் தாள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.