வைப்பாற்று நாட்டின் நலிவை அளத்தல்

மேற்குத் தொடர்ச்சி மலையிற் பிறந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைக் கூடி, மன்னார் வளைகுடாவிற் கலப்பது வைப்பாறு. விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய நம் ஊர்கள் யாவும் இவ்வாற்றின் படுகையிலேயே உள்ளன. தலையிற் காடு, இடையிற் கண்மாயும் கரிசற் புன்செய்யும், கடையிற் கடல் என அமைந்த இந்நிலம் ஆண்டு செல்லச் செல்ல வலிவுறுகின்றதோ, நலிவுறுகின்றதோ என்பதை அளந்தறியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

நலிவு என்பது வறட்சியன்று. ஒரே காய்ச்சல் இருவரைப் பற்றினும் ஒருவன் மூன்றாம் நாள் எழுந்து நடக்கின்றான்; மற்றவனோ மூன்று திங்கள் படுக்கையிற் கிடக்கின்றான். அதுபோல, நேரும் இடர், அவ்விடருக்கு ஆட்படும் இயல்பு, மீளுந்திறன் என்னும் மூன்றையுங் கூட்டியே ஒரு சூழல் மண்டலத்தின் நலிவை அறிஞர் மதிப்பிடுகின்றனர். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. அதற்கு முந்திய 2015இலோ மழை மிகுதி. இவ்விரண்டாண்டுகளையும் அடுத்து வந்தவற்றையும் ஒப்பிட்டால், எந்தக் கண்மாய் மழை மீண்டதும் நிறைந்தது, எது வெறிதே கிடந்தது என்பது விளங்கும். வரத்துக்கால் அடைபட்டு வண்டல் மேடிட்ட கண்மாய்க்கு நன்மழையும் பெரும்பயன் தருவதில்லை.

இவ்வளவைக்கு இக்காலத்துப் பெருந்துணை செயற்கைக்கோட் படங்கள். லேண்ட்சாட் என்னும் செயற்கைக்கோள்கள் 1972 முதல் புவியைப் படம்பிடித்து வருகின்றன. பசிய இலை செவ்வொளியை உண்டு, கட்புலனாகாத அகச்சிவப்பொளியைத் திருப்பிவிடும். இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தாற் கிடைப்பது பசுமைக் குறியீடு. எண் ஏறினாற் பசுமை மிகுதி. ஆயின் நம் நாட்டில் இவ்வெண்ணை அப்படியே நம்புவார் ஏமாறுவர். நீர் நிற்கவேண்டிய கண்மாய்ப் பரப்பைச் சீமைக் கருவேல் பிடித்துக்கொண்டால் அங்கும் எண் ஏறவே செய்யும். கண்மாய் மாண்டுகொண்டிருக்க, படமோ அதனைச் செழிப்பு என்று காட்டும்! ஆதலின் சித்திரை வைகாசிப் படத்தையும் கார்த்திகை மார்கழிப் படத்தையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும். பயிரும் புல்லும் கோடையிற் கருகும். ஆழ வேரோடிய சீமைக் கருவேல் கருகாது. கோடைப் பசுமை ஆண்டுதோறும் ஏற, மழைக்கால நீர்ப்பரப்பு ஆண்டுதோறும் சுருங்குமாயின், அதுவே நலிவின் அறிகுறி. இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்குங் குடும்பங்கள் திருச்சுழி, நரிக்குடிப் பக்கங்களில் உண்டு என்பதனையும் அளப்பார் மறத்தலாகாது.

மக்களின் மீளுந்திறன் வேறு, நிலத்தின் மீளுந்திறன் வேறு. வானம் பொய்த்தால் உழவர் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளுக்குச் செல்வர்; அடுப்பு எரியும். ஆயினும் மதகையும் கலுங்கையும் பேணுங் கைகள் ஊரிற் குறையக் குறைய, கண்மாயின் மீளுந்திறன் தேய்கின்றது என்றே நாம் கருதுகிறோம். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் அடைத்தாற் கூட்டல் பிழையாகும்.

முழு நாட்டிற்கும் ஓர் எண் கூறும் முறையும் உலகில் உண்டு. பசிபிக் தீவுநாடுகளின் முயற்சியால் 2004ஆம் ஆண்டளவில் 50 குறிகள் கொண்ட ஓர் அளவை வகுக்கப்பெற்றது. கரீபியக் கடல் நாடுகளும் அதனால் அளக்கப்பட்டன. நாடுகளை ஒப்பிட அது உதவும். ஒரு படுகையை அறிய உதவாது. திருவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இற் சாம்பல் நிற அணிலின் சரணாலயமாகி, 2021இற் புலிகள் காப்பகத்தின் பகுதியும் ஆயிற்று. அக்காட்டின் நலத்தையும் கண்மாயின் நலிவையும் சேர்த்துச் சராசரி கண்டால் இரண்டும் மறைந்துபோம். காட்டிற்கு வேறு அளவுகோல் வேண்டும். அவ்வணில் பெரும்பாலும் தரையில் இறங்காது கிளைவழியே மரத்திற்கு மரம் செல்வது. கூடுகளை எண்ணுதலோடு, ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தைத் தொடுகின்றதா என்பதையும் ஆண்டுதோறும் குறித்து வருதல் வேண்டும். கூடுகள் குறைவதற்கு முன்னரே கிளைத்தொடர்ச்சி அறுபடக்கூடும்.